நாற்பக்கலா, நாற்கரமா? பரப்பா, பரப்பளவா? 8-ஆம் தரப் பிள்ளைக்கு எந்தச் சொற்களைப் பழக்குவது?

குளத்தடிச் சித்தி (கிளிநொச்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகள் என்னோடு தங்கி 8-ஆம் தரத்தில் படிக்கிறாள். நான் சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவள் என்பதால், அவள் மாலையில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் இணையக் காணொளிகளைப் பார்த்தே கேத்திர கணிதத்தைப் பழகுகிறாள். அவர்கள் மிகத் தெளிவாகக் கற்பிக்கிறார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் சென்ற தவணைப் பரீட்சையில் அவள் ‘நாற்கரம்’, ‘முக்கோணம்’, ‘இணைகோடுகள்’ என்று எழுதிய இடங்களையெல்லாம் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘நாற்பக்கல்’, ‘முக்கோணி’, ‘சமாந்தரக் கோடுகள்’ என்று மேலே எழுதிக் கொடுத்திருந்தார். புள்ளி குறைக்கப்படவில்லை என்றாலும், தான் படித்தது முழுவதும் பிழையோ என்று அவள் முகம் வாடிவிட்டது.

இதற்கிடையில் அவள் என்னிடம் கேட்ட மூன்று கேள்விகளுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய அம்மம்மா எங்கள் வளவை ‘எட்டுப் பரப்பு’ என்கிறார். புத்தகமோ ‘காணியின் பரப்பளவு 2000 சதுர மீற்றர்’ என்கிறது. அப்படியானால் பரப்பு என்பது அளக்கப்படும் பொருளா, அளக்கும் அலகா என்பது முதற் கேள்வி. சாய்சதுரம் என்பது சதுரத்தில் ஒரு வகையா என்பது இரண்டாவது. செவ்வகத்தில் எது சிவப்பு என்பது மூன்றாவது. கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தபோது எனக்கும் விடை தெரியவில்லை என்பது புரிந்தது. விபரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


வெண்கட்டி (வவுனியா) எழுதியது:

தங்கச்சி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை படித்தது பிழையல்ல. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் வழியில் நமது பாடநூற் சொற்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் அவர்களுடைய பாடநூல்கள் தனியே வேறு சொற்களைத் தேர்ந்துகொண்டன. அங்கே வடிவியல், இங்கே கேத்திர கணிதம். அங்கே ஆரம், இங்கே ஆரை. அங்கே கர்ணம், இங்கே செம்பக்கம். அங்கே சர்வசமம், இங்கே ஒருங்கிசைவு. இரண்டும் நல்ல தமிழ்ப் புழக்கம் உள்ளவையே. ஆயினும் பரீட்சைத்தாள் இங்கே அச்சாவதால், விடையில் இங்குள்ள சொல்லையே எழுதப் பழக்குவதுதான் பாதுகாப்பானது.

நாற்பக்கல்களைப் பொறுத்தவரை வேறுபாடு நீங்கள் அஞ்சுகிற அளவுக்குப் பெரிதன்று. சதுரம், செவ்வகம், இணைகரம், சாய்சதுரம், சரிவகம், பட்டம் ஆகிய ஆறு பெயர்களும் கடலுக்கு இருபுறமும் ஒன்றேதான். மூலைவிட்டம், செங்கோணம், சுற்றளவு, பாகை ஆகியனவும் அப்படியே. குடும்பப் பெயர் மட்டுமே வேறு: அவர்கள் கரத்தை எண்ணி நாற்கரம் என்றார்கள், நாம் பக்கத்தை எண்ணி நாற்பக்கல் என்றோம். அந்தக் கரம் நம்மிடமும் இணைகரத்தில் ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கோடுகளைச் சமாந்தரம் என்று சொல்லும் நாம், அந்த ஓர் உருவுக்கு மட்டும் ‘இணை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முக்கோணி என்ற சொல்லில் எனக்குத் தனிப்பட்ட பற்று உண்டு. கோணம் என்பது இரு கோடுகள் சந்திக்கும் இடத்திலுள்ள திறப்பின் அளவு. கோணி என்பது அத்தகைய கோணங்களை உடைய உரு. ஐங்கோணி, அறுகோணி, பல்கோணி என எல்லாம் இவ்வாறே வரும். உருவின் பெயரையும் அளவின் பெயரையும் ஓர் எழுத்தால் பிரித்துக் காட்டும் இந்த ஒழுங்கு, ‘முக்கோணத்தின் கோணம்’ என்று சொல்லும்போது கிடைப்பதில்லை. (தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோணி என்றால் சாக்குப்பை நினைவுக்கு வந்து சிரிப்பு வரலாம், அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர்.)

இனிச் செவ்வகத்துக்கு வருகிறேன். அதில் சிவப்பு எதுவும் இல்லை. செம்மை என்ற சொல்லுக்கு நிறம் ஒரு பொருள். நேர்மை, கோணலின்மை என்பது மற்றொரு பொருள். செங்கோல், செங்குத்து, செங்கோணம் ஆகியவற்றில் இருக்கும் அதே செம்மைதான் செவ்வகத்திலும் இருக்கிறது. நான்கு கோணங்களும் செங்கோணமாக உள்ள நாற்பக்கல் செவ்வகம் என்ற வரைவிலக்கணம் பெயருக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதேபோல், சரிவகத்தின் பெயரில் சரிவு இருக்கிறது. ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் சமாந்தரமாக இருக்க, மற்றைய பக்கங்கள் சரிந்து நிற்கும் உரு அது.

சாய்சதுரம் பற்றிய கேள்வியில்தான் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. வெள்ளைக் குதிரை குதிரைதான். ஆனால் சாய்சதுரம் எப்போதும் சதுரம் ஆகிவிடாது. நான்கு பக்கங்களும் சமனாக இருந்தால் போதும், அது சாய்சதுரம். அந்த நான்கு பக்கங்களோடு கோணங்களும் செங்கோணங்களாக அமைந்தால் மட்டுமே அது சதுரமாகும். ஆகவே உறவு தலைகீழாக நிற்கிறது: ஒவ்வொரு சதுரமும் ஒரு சாய்சதுரம், ஒவ்வொரு சதுரமும் ஒரு செவ்வகம், இவை எல்லாமே இணைகரங்கள். ‘இது செவ்வகமா?’ என்று சதுரத்தைக் காட்டிக் கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் இல்லை என்பார்கள். நீளமும் அகலமும் வேறுபட வேண்டும் என்று வரைவிலக்கணத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொள்வார்கள்.

இன்னும் ஒரு பொறி உண்டு. இணைகரத்தின் பரப்பளவு அடியையும் செங்குத்துயரத்தையும் பெருக்க வருவது. இங்கே ‘அடி’ என்றால் கீழ்ப்பக்கம். பிள்ளையின் பயிற்சியில் ‘அடி 12 அடி’ என்று வந்துவிட்டால் முதலாவது பக்கத்தின் பெயர், இரண்டாவது நீளத்தின் அலகு. செங்குத்துயரம் என்ற நீண்ட சொல்லையும் உயரம் என்று சுருக்க விடாதீர்கள். சுருக்கினால் சாய்ந்த பக்கத்தின் நீளத்தைப் பெருக்கி விடை எழுதுவார்கள். நான் திருத்திய தாள்களில் மிக அதிகமாகக் கண்ட பிழை அதுதான்.


மூலைமட்டம் (மல்லாவி) எழுதியது:

வெண்கட்டி ஐயா சொன்ன சாய்சதுரத்தையும் இணைகரத்தையும் பிள்ளைக்குக் காட்டப் புத்தகம் தேவையில்லை. வீட்டு வேலியின் படலைக் கதவைக் காட்டுங்கள், அக்கா. நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செய்த படலை, முதல் நாள் செவ்வகமாக நிற்கும். குறுக்குச் சட்டம் போடாவிட்டால் ஒரு மாரி முடிவதற்குள் அது தொங்கி, இணைகரமாகிவிடும். சட்டங்களின் நீளம் மாறவில்லை, ஆகவே சுற்றளவும் மாறவில்லை. ஆனால் அடைத்த இடம் குறைந்துவிட்டது. சுற்றளவு ஒன்று, பரப்பளவு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் காணவில்லை. மூலைவிட்டத்தில் ஒரு சட்டம் போட்டால் நாற்பக்கல் இரண்டு முக்கோணிகளாகப் பிரியும். முக்கோணி பக்கம் நீளாமல் குலையாது. அதனால்தான் எல்லாப் படலைகளிலும் அந்தக் குறுக்குச் சட்டம் இருக்கிறது.

அத்திவாரம் போடும்போதும் நாங்கள் செய்வது கேத்திர கணிதம்தான். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடியும் மறுபக்கம் 4 அடியும் அளந்து, இடைத்தூரம் 5 அடி வந்தால் அந்த மூலை செங்கோணம். 15 அடிக்கு 20 அடி அறையாக இருந்தால் மூலைக்கு மூலை 25 அடி வரவேண்டும். பிறகு மற்ற மூலைவிட்டத்தையும் பிடித்துப் பார்ப்போம். இரண்டு மூலைவிட்டங்களும் சமனாக வந்தால் அறை செவ்வகம் என்று வைத்துக்கொள்ளலாம்.


வான்கதவு (ஒட்டுசுட்டான்) எழுதியது:

நீர்ப்பாசன வேலைகளில் நாடா பிடித்துப் பழகியவன் என்பதால், பரப்பு பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சகோதரி, உங்கள் அம்மம்மாவும் சரி, புத்தகமும் சரி. பொதுத் தமிழில் பரப்பு என்பது விரிந்து கிடக்கும் மேற்பரப்பு. அதை எண்ணால் சொன்னால் பரப்பளவு. யாழ்ப்பாணத்துக் காணி வழக்கிலோ பரப்பு என்பது நிலத்தை அளக்கும் ஓர் அலகின் பெயர். 10 பேர்ச் ஒரு பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஓர் ஏக்கரில் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி என்பதால், ஒரு பரப்பு 2722.5 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வன்னியில் நாம் வயலை ஏக்கரில்தான் சொல்கிறோம். குடியிருப்பு வளவைச் சொல்லும்போது, யாழ்ப்பாணத் தொடர்புள்ள குடும்பங்களின் வாயில் பரப்பு வந்துவிடுகிறது. உங்கள் எட்டுப் பரப்பு அரை ஏக்கர். கணக்கில் 2023 சதுர மீற்றர் வரும். ‘எங்கள் காணியின் பரப்பளவு எட்டுப் பரப்பு’ என்று பிள்ளை எழுதினால் அது கூறியது கூறல் அன்று. முன்னது அளக்கப்படுவது, பின்னது அலகு.

இதே சிக்கல் கியூப் என்ற சொல்லிலும் உண்டு. மணல் ஏற்றி வரும் சாரதி ஒரு கியூப் என்றால் 100 கன அடி, ஏறத்தாழ 2.83 கன மீற்றர். பாடநூலில் கியூப் என்பதற்கு நிகரான உருவின் பெயர் சதுரமுகி. அதற்குள் அடங்குவது கனவளவு. சதுரமுகி உரு, கனவளவு அளவு, கியூப் வியாபார அலகு. இந்த மூன்றையும் பிரித்தறியும் பிள்ளை, பரப்பையும் பரப்பளவையும் தானாகவே பிரித்துக்கொள்ளும்.

அலகு மாற்றும்போது பெரியவர்களும் சறுக்குவதுண்டு. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் இங்கே கட்டப்பட்ட வீடுகளின் தளப்பரப்பு 550 சதுர அடி. ஒரு மீற்றர் 3.28 அடிதானே என்று 550-ஐ 3.28 ஆல் வகுத்தால் 168 வரும். அவ்வளவு பெரிய வீட்டை ஒருவரும் நமக்குத் தரவில்லை. நீளத்துக்கு ஒருமுறை, அகலத்துக்கு ஒருமுறை என இரண்டுமுறை வகுக்க வேண்டும். அப்போதுதான் 51 சதுர மீற்றர் என்ற உண்மையான அளவு கிடைக்கும். சதுர மீற்றர் என்ற சொல்லில் ‘சதுர’ என்பது அலங்காரத்துக்கு நிற்பதன்று.

சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பினால் பணமும் போகும். 50 மீற்றருக்கு 40 மீற்றர் காணியும், 100 மீற்றருக்கு 20 மீற்றர் காணியும் 2000 சதுர மீற்றர்தான். முன்னதைச் சுற்றி நடந்தால் 180 மீற்றர், பின்னதைச் சுற்றி நடந்தால் 240 மீற்றர். நான்கு வரி முட்கம்பி அடித்தால் ஒன்றுக்கு 720 மீற்றரும் மற்றதற்கு 960 மீற்றரும் வேண்டும். வேலிக்கு நடும் கதியாலும் அந்த விகிதத்தில்தான்.

எல்லாக் காணியும் செவ்வகமாக அமைவதில்லை. ஊரில் வயலை அளக்கும் பழைய முறை ஒன்றுண்டு: எதிரெதிர் வரம்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, அந்த இரண்டு சராசரிகளையும் பெருக்குவது. செவ்வகத்துக்கு அது சரியான விடையைத் தரும். வேறு எந்த நாற்பக்கலுக்கும் உண்மையைவிடக் கூடுதலாகவே தரும். 60 மீற்றரும் 40 மீற்றரும் பக்கங்களாகவும், மூலையில் 60 பாகையும் உள்ள ஓர் இணைகர வயலை எடுத்துக்கொள்வோம். ஊர் முறையில் 2400 சதுர மீற்றர். உண்மையில் 2078 தான். வேறுபாடு ஒரு பரப்புக்கும் மேல். விற்பவருக்கு இந்த முறை ஏன் பிடிக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

நாடா மட்டும் கையில் இருந்தால் செய்யவேண்டியது இதுதான். ஒரு மூலைவிட்டத்தை அளந்து, மற்றைய இரண்டு உச்சிகளிலிருந்தும் அதற்குச் செங்குத்தாக உள்ள தூரங்களை அளந்து, அவ்விரண்டையும் கூட்டி, மூலைவிட்டத்தால் பெருக்கிப் பாதியாக்க வேண்டும். மூலைவிட்டம் 70 மீற்றர், செங்குத்துத் தூரங்கள் 28, 32 மீற்றர் என்றால் பரப்பளவு 2100 சதுர மீற்றர், அதாவது எட்டுப் பரப்பும் சொச்சமும். மூலைமட்டம் தம்பி சொன்ன படலையின் குறுக்குச் சட்டமே இங்கும் வேலை செய்கிறது. நாற்பக்கலை இரண்டு முக்கோணிகளாக்கி அளந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

சரிவகத்தைக் காட்டப் பிள்ளையை ஒரு குளக்கட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரணைமடு போன்ற பெருங்குளமாக இருந்தாலும் ஊர்ச் சிறுகுளமாக இருந்தாலும், கட்டைக் குறுக்கே வெட்டியதாக நினைத்துப் பார்த்தால் தெரியும் முகம் சரிவகம். மேல்விளிம்பும் அடியும் சமாந்தரம். நீர்ப்பக்கம் மெதுவாகச் சரியும், வெளிப்பக்கம் சற்று நிமிர்ந்து நிற்கும். மேலகலம் 3 மீற்றர், செங்குத்துயரம் 4 மீற்றர், ஒரு மீற்றர் உயரத்துக்கு உட்பக்கம் 3 மீற்றரும் வெளிப்பக்கம் 2 மீற்றரும் விலகும் என்று வைத்துக்கொண்டால், அடியகலம் 3, 12, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 23 மீற்றர். சமாந்தரப் பக்கங்களைக் கூட்ட 26. அதில் பாதி 13. அதை 4 ஆல் பெருக்க 52 சதுர மீற்றர். கட்டின் நீளம் 100 மீற்றர் என்றால் 5200 கன மீற்றர் மண் வேண்டும். சாரதியின் மொழியில் ஏறத்தாழ 1836 கியூப்.


குளத்தடிச் சித்தி எழுதியது:

எல்லாருக்கும் என் நன்றி. நேற்று மாலை பிள்ளையும் நானும் வளவை நாடாவால் அளந்தோம். நாங்கள் செவ்வகம் என்று நினைத்திருந்த காணி உண்மையில் எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்கும் சமாந்தரமில்லாத நாற்பக்கல் என்று தெரிந்தது. வான்கதவு அண்ணா சொன்ன முறையில் கணக்கிட்டதில், அம்மம்மாவின் எட்டுப் பரப்பில் ஏறக்குறைய அரைப் பரப்பு குறைகிறது. அம்மம்மா அதை ஏற்கவில்லை. நாடாவில்தான் பிழை என்கிறார்.

இன்னும் ஒரு சந்தேகம். கனடாவில் படிக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசியில் பேசும்போது, சரிவகத்துக்குத் திரப்பசொயிட் என்று சொல்கிறானாம். எங்கள் ஆங்கிலமொழி மூலப் புத்தகத்தில் திரப்பீசியம் என்று இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு உருக்களா?


வெண்கட்டி எழுதியது:

ஒரே உருதான், தங்கச்சி. யூக்கிளிட் தம் முதற் புத்தகத்தின் 22-ஆம் வரைவிலக்கணத்தில் சதுரம், நீள்சதுரம், சாய்சதுரம், சாய்சதுரம் போன்றது ஆகிய நான்கையும் சொல்லிவிட்டு, எஞ்சிய எல்லா நாற்பக்கல்களையும் ஒரு சொல்லில் அடக்கினார். கிரேக்கத்தில் சிறுமேசை என்று பொருள்படும் அந்தச் சொல்லிலிருந்தே இவ்விரண்டு பெயர்களும் பிறந்தன. பிற்காலத்தவர் ஒன்றை ஒரு சோடி சமாந்தரப் பக்கம் உள்ளதற்கும், மற்றதைச் சமாந்தரப் பக்கமே இல்லாததற்கும் பிரித்து வைத்தார்கள். பிரித்தானிய வழக்கும் வட அமெரிக்க வழக்கும் அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் பிடித்துக்கொண்டன. கனடாப் பிள்ளை அமெரிக்க வழக்கைச் சொல்கிறான். நமது புத்தகம் பிரித்தானிய வழக்கில் நிற்கிறது. தமிழில் சரிவகம் என்று சொன்னால் இந்தக் குழப்பம் இல்லை.

மூலைமட்டம் தம்பிக்கும் ஒரு சிறு திருத்தம். மூலைவிட்டங்கள் சமன் என்பது மட்டும் செவ்வகத்துக்குப் போதாது. சரிந்த பக்கங்கள் இரண்டும் சமனான சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமனாகவே இருக்கும். எதிர்ப்பக்கங்கள் சமன் என்பதை முதலில் உறுதிசெய்துவிட்டு, அதன் பிறகு மூலைவிட்டங்களைப் பார்த்தால்தான் முடிவு சரியாகும்.


மூலைமட்டம் எழுதியது:

ஐயா, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை காசு கொடுத்துப் படித்திருக்கிறேன். தொழில் பழகிய காலத்தில் ஒரு வீட்டின் குசினிக்கு அத்திவாரம் வெட்டியபோது, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரு நூலும் பிசகாமல் சமனாக இருந்தன. பின்சுவரை மட்டும் அளக்காமல் விட்டேன். கூரைத் தகரம் போட ஏறியபோதுதான், முன்சுவரைவிடப் பின்சுவர் அரையடி நீளம் என்று தெரிந்தது. சரிவகம் என்ற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. வெட்டிய தகரத் துண்டுகளின் விலை மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.